மானிப்பாய் தந்த மருத்துவத் தமிழ்

அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கிலத்திற் பயின்றோர் உத்தியோகம் நாடிச் செல்ல, கிராமங்கள் வைத்தியரின்றித் தவித்தன. ஆதலின் அவர் மானிப்பாயிலே மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கலானார். கிரேயின் உடற்கூற்று நூல் 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழாயிற்று.

குருதிக்கலன்களைப் பொருத்தித் தைக்கும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர் அலெக்சிஸ் கரேல் 1902 இல் வெளியிட்டார். தையல் நிலைத்தது, பிறர் உறுப்போ நிலைக்கவில்லை. காரணம் பின்னரே துலங்கிற்று. குடல்மாற்றச் சிகிச்சையிற் சிலவேளை நோயாளியின் பிறபொருளெதிரிகள் புதுக்குடலின் குருதிக்கலன்களது உட்சுவரைத் தாக்குகின்றன. கலன் அடைபடக் குடல் நலிகின்றது.

தன்னுடலே தனக்கீந்த உறுப்பை மறுக்கும் விந்தையை நோயாளி தாய்மொழியிற் கேட்டறிதல் வேண்டும். அதற்கு வழிசமைத்தோருள் முன்னோடி கிறீன்.