பரிசில் தினமும் பெரும் போரும்: யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் ஓராண்டுச் சுற்று

இலங்கையின் வடமுனையிலுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கி எழுந்த ஆங்கிலப் பாடசாலைகள் நாளடைவில் ‘கல்லூரி’ என்று பெயர் பூண்டபோதிலும், அவை பட்டம் வழங்கும் நிறுவனங்கள் அல்ல. மாணவரைப் பல்கலைக்கழக வாயில் வரை கொண்டுசென்று விடும் உயர்நிலைப் பள்ளிகளே. இப்பாடசாலைகளின் ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவது. ‘தவணை’ எனப்படும் மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டது. முதல் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் துடுப்பாட்டப் பெரும் போரும், இரண்டாம் தவணையில் தமிழ்த் தினப் போட்டிகளும், மூன்றாம் தவணையில் வாணி விழாவும் கிறிஸ்தவ மாணவரின் ஒளி விழாவும் இடம்பெற, அதிபருக்கும் பிரதம விருந்தினருக்கும் ஒத்துவரும் ஏதோவொரு நாளில் பரிசில் தினம் எனப்படும் பரிசளிப்பு விழா நடந்தேறும். தொன்றுதொட்டு வந்தது போல் தோன்றும் இந்த ஒழுங்கு உண்மையில் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது. அவற்றுள் பழமையானதும் வலியதுமான தேவை, பாடசாலைக்குப் பணம் தந்தவருக்கு அந்தப் பணம் என்னவாயிற்று என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டுவதாகும்.

அத்தேவை மிஷன் காலத்திலேயே தொடங்கிவிட்டது. வெஸ்லியன் மிஷன் 1816 இல் தொடங்கி, பீற்றர் பேர்சிவல் பாதிரியார் காலத்தில், 1834 இல், ‘மத்திய’ என்னும் அடையைப் பெற்ற பாடசாலையே இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. 1823 இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரி எனப்பட்ட உயர்கல்விக்கூடத்தை நிறுவியது. அதே ஆண்டில் நல்லூரில் சர்ச் மிஷன் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே பின்னர் சுண்டிக்குளியில் பரி. யோவான் கல்லூரியாக வளர்ந்தது. 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை திறக்கப்பட்டது. இவற்றுக்கான பணம் கடல் கடந்து வந்தமையால், கொடுத்தவர் கண்ணால் காண முடியாத பலனை எழுத்தில் காட்ட வேண்டியிருந்தது. அமெரிக்க நன்கொடையாளர் ஒருவர் ஒரு மாணவனின் செலவை ஏற்று, தாம் விரும்பிய பெயரை அவனுக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்றாற்போல் அக்காலத்துச் சைவத் தமிழ்ப் பெயர்களின் முன்னே ஒட்டிக்கொண்டிருக்கும் அந்நியப் பெயர்கள் அவ்வழக்கின் சுவடுகள். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவர், இந்த விசுவநாதபிள்ளையும் பழந்தமிழ் நூற்பதிப்புக்குப் புகழ்பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும், வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள் என்பது யாழ்ப்பாணக் கல்லூரிகள் தம் சாதனைப் பட்டியலின் தலைப்பில் இன்றும் நிறுத்திவைக்கும் செய்தி. செமினரியோ அதற்கு முன்பே, 1855 இல், மூடப்பட்டுவிட்டது.

1869 இல் குடியேற்ற அரசு பொதுப் போதனைத் திணைக்களத்தை அமைத்து, உதவி பெறும் பாடசாலைகளுக்குப் ‘பெறுபேற்றுக்கேற்ற கொடை’ என்னும் முறையில் பணம் வழங்கத் தொடங்கியபோது, கணக்குக் கேட்பவர் பாடசாலையின் வாசலுக்கே வந்துவிட்டார். பெறுபேற்றுக்கேற்ற கொடை என்பது, ஆண்டுக்கொரு முறை வரும் பரிசோதகர் மாணவரை வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகியவற்றில் சோதித்து, தேறியவர் தொகைக்கேற்ப அரசுப் பணத்தை அளந்து கொடுக்கும் ஏற்பாடு. வரவு இடாப்பில் பெயர் இருந்தும் அன்று சமுகமளிக்காத பிள்ளை பாடசாலைக்கு நட்டம். வந்தும் தடுமாறிய பிள்ளையும் நட்டமே. மாணவனின் தேர்ச்சி பாடசாலையின் வருமானமாக மாறிய இந்த ஏற்பாடு கற்பித்தலை மனப்பாடத்துக்குள் குறுக்கியது என்ற குற்றச்சாட்டு பிரித்தானியாவிலும் எழுந்தது. இம்முறை கைவிடப்பட்ட பின்னரும், பெறுபேறு என்பது ஒருவனுடைய தனி உடைமையன்று, நிறுவனத்தின் பொதுச் சொத்து என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தில் நீங்கவில்லை.

மறுபுறத்தில் சைவர்கள் தமக்கெனப் பாடசாலை கண்டபோது, பணம் தரும் கை ஊருக்குள்ளேயே இருந்தது. பேர்சிவலிடம் கற்று, அவருடைய பாடசாலையிலேயே கற்பித்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலத்தில் போட்டுவைத்து, சேர்ந்ததைத் தண்டவருபவரிடம் கொடுக்கும் ‘பிடியரிசி’ வழக்கம் இத்தகைய சைவப் பணிகளுக்குக் கைகொடுத்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தொடங்கிய பாடசாலையைச் சைவபரிபாலன சபை ஏற்று 1890 இல் இந்துக் கல்லூரியாக நிலைநிறுத்தியது. அமெரிக்க மிஷன் சூட்டிய பெயரைத் தாங்கிய ஒருவரின் பாடசாலை மிஷன்களுக்கு மாற்றாக எழுந்த முதன்மைச் சைவக் கல்லூரியின் வித்தாக அமைந்தது, யாழ்ப்பாணத்துச் சமய எதிர்ப்புக்கும் சமயக் கொடுக்கல் வாங்கலுக்கும் இடையே கோடு கிழிப்பது எளிதன்று என்பதைக் காட்டும். பிடியரிசி போட்ட வீட்டார்க்கும், காணி எழுதிக்கொடுத்த தனவந்தர்க்கும், மலாயாவில் புகையிரதப் பகுதியிலோ எழுதுவினைஞராகவோ உழைத்துப் பணம் அனுப்பிய பழைய மாணவர்க்கும் கணக்குக் காட்ட மேடை ஒன்று வேண்டியிருந்தது. மிஷன் பாடசாலைகள் நடத்திவந்த பரிசில் தினம் சைவப் பாடசாலைகளிலும் அம்மேடையாயிற்று.

பரிசில் தினத்தின் நடைமுறை ஒரு நூற்றாண்டாகப் பெரிதும் மாறவில்லை. மாணவ முதல்வர் எனப்படும் மாணவர் தலைவர்கள் அணிவகுத்து நிற்க, பிரதம விருந்தினரும் அவருடைய பாரியாரும் மாலையிட்டு வாத்தியத்துடன் அழைத்துவரப்படுவர். மங்கல விளக்கேற்றல், வரவேற்பு நடனம், வரவேற்புரை ஆகியவை முடிந்ததும் அதிபர் எழுந்து அறிக்கை வாசிப்பார். விழாவின் உயிர்நிலை அந்த அறிக்கையே. மாணவர் தொகை, புதிதாக வந்த ஆசிரியர், இடமாற்றம் பெற்றவர், பொதுப் பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானோர், விளையாட்டு, சாரணர், மன்றங்கள், விடுதி, நூலகம், பழைய மாணவர் சங்கம், நன்கொடை, தேவைகள் என அது நீண்டுகொண்டே போகும்; பின்வரிசையில் இருப்பவர் பொறுமையிழந்தாலும் அதிபர் ஒரு தலைப்பையும் விடமாட்டார். இறுதியாக வரும் ‘தேவைகள்’ என்னும் பகுதியில், ஒழுகும் கூரையும் போதாத மலசலகூடமும் விருந்தினர் காதில் விழும்படி எடுத்துரைக்கப்படும். அடுத்து வழங்கப்படும் பரிசில்களுள் பல, மறைந்த தாய் தந்தையரின் நினைவாகக் குடும்பத்தவர் நிறுவியவை. வைப்பிலிட்ட சிறு தொகையின் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு நூலோ கேடயமோ வாங்கப்படும். எனவே ஒரு கல்லூரியின் பரிசில் பட்டியலை வரிசையாக வாசிப்பவர், அவ்வூரின் குடும்ப வரலாற்றையும் பெருமளவு வாசித்தவராவார். அறிக்கைகள் கல்லூரிச் சஞ்சிகைகளில் அச்சேறின. யாழ்ப்பாண இந்துவின் ‘யங் ஹிண்டு’, யாழ்ப்பாணக் கல்லூரி என்றே பெயர்கொண்ட பாடசாலையின் ‘மிஸலனி’ முதலியவை நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே பெரும்பகுதி வெளிவந்தன.

விளையாட்டு இக்கணக்கினுள் சற்றுப் பிந்தியே நுழைந்தது. ஆங்கிலேய விடுதிப் பாடசாலைகளின் வழக்கத்தையொட்டி மாணவர் ‘இல்லங்கள்’ எனப்படும் குழுக்களாகப் பகுக்கப்பட்டனர். இல்லம் என்பது இங்கு வாழும் வீடன்று, போட்டிக்கான பிரிவு. பரி. யோவான் கல்லூரியின் இல்லங்கள் ஜோன்ஸ்ரன், பார்ஜிற்றர், பீற்றோ, தொம்சன், ஹன்டி என்று முன்னாள் அதிபர்களின் பெயரால் விளங்க, இந்துக் கல்லூரியின் இல்லங்கள் காசிப்பிள்ளை, நாகலிங்கம், சபாபதி, செல்வத்துரை, பசுபதி என்று சைவப் பெரியார் பெயர்களைத் தாங்கின. முறைமை ஒன்றே, பெயர்கள் மட்டும் ஊரினுடையவை. இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று மைதானத்தின் ஓரத்தில் மாணவர் பனையோலையும் கமுகும் வண்ணத் தாளும் கொண்டு தம் இல்லத்தைக் கோபுரமாகவோ கோட்டையாகவோ அலங்கரிப்பர்; அலங்காரத்துக்கும் அணிநடைக்கும் தனிப்புள்ளிகள் உண்டு. ஓட்டங்களுக்கிடையே பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் போட்டி வைக்கப்படுவதால், அன்று ஊரே மைதானத்தில் இறங்கிவிடும். இத்தகைய மைதானத்திலிருந்து புறப்பட்டவரே மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1952 இலும் 1956 இலும் ஒலிம்பிக்கில் பங்குபற்றிய அவர், 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவின் உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார்.

மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904 இல் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி ‘வடக்கின் பெரும் போர்’ என வழங்கலாயிற்று. பரி. பத்திரிசியார் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதுவது ‘பொன் அணிகளின் போர்’. யாழ்ப்பாணம் இந்துவும் கொக்குவில் இந்துவும் மோதுவது ‘இந்துக்களின் போர்’. கொடியேந்தி, மேளம் தட்டி, வீதியில் ஊர்வலம் போகும் மாணவரைப் பார்த்து மற்ற நாட்களில் சீறிவிழும் ஆசிரியரும் இந்நாட்களில் கண்டும் காணாதவராக இருந்துவிடுவர்.

மூன்றாம் தவணையின் வாணி விழா வேறு மரபிலிருந்து வந்தது. நவராத்திரியின் நாட்களில் வகுப்புத்தோறும் முறைவைத்துப் பூசை நடக்கும். கும்பத்தின் முன் புத்தகங்கள் அடுக்கப்பட, அவலும் கடலையும் சுண்டலும் படைக்கப்படும். விசயதசமியன்று சிறு பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கப்படும். விருந்தினருக்கு அறிக்கை வாசிக்கப்படாத விழா இது என்பதாலோ என்னவோ, பழைய மாணவரின் நினைவுக் குறிப்புகளில் இதற்குத் தனி வாஞ்சை உண்டு.

ஆனால் ‘ஊர்’ என்று இதுவரை சொல்லப்பட்டதனுள் எல்லாரும் அடங்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பாடசாலைகளில் சேர்க்கப்படவில்லை; சேர்க்கப்பட்ட இடங்களிலும் நிலத்திலோ தனி வாங்கிலோ இருத்தப்பட்டனர். 1920களின் இறுதியில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம், விடுதிகளில் சம போசனம் என்ற கொள்கைகள் வலியுறுத்தப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் தீயிடப்பட்டன. இதற்கு எதிர்த்திசையில் இழுத்தவர்களும் கல்லூரிகளிலிருந்தே வந்தனர். 1924 இல் உருவாகிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற மாணவர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் முயற்சியால் சாதி வேறுபாட்டையும் குடியேற்ற ஆட்சியையும் ஒருங்கே கண்டித்து, 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்தது. பேரின்பநாயகம் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். பரிசில் தின அறிக்கைகளை மட்டும் நம்பி இக்கல்லூரிகளின் வரலாற்றை எழுதுபவர் இச்சண்டையைத் தவறவிடுவது திண்ணம். வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு இடாப்பில் இடமில்லை, இடாப்பில் இல்லாத பிள்ளைக்கு அறிக்கையில் இடமில்லை.

1945 இல் அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளுள் பெரும்பாலானவற்றை அரசு கையேற்றது. மத்திய கல்லூரியும் யாழ்ப்பாணம் இந்துவும் அரச பாடசாலைகளாக, பரி. யோவான், பரி. பத்திரிசியார், யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி முதலியவை தனியாராகவே நின்றன. சபைக்கும் மிஷனுக்கும் கணக்குக் காட்டும் கடமை பலவற்றில் சட்டப்படி முடிந்துவிட்டது. எனினும் விழா முடியவில்லை. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவழியாகவும் பின்னர் மாவட்டவழியாகவும் புள்ளிகளைச் சீர்செய்யும் ‘தரப்படுத்தல்’ முறை வந்து, மருத்துவத்துக்கும் பொறியியலுக்குமான தமிழ் மாணவரின் வழி ஒடுங்கியபோது, அறிக்கையின் பெறுபேற்றுப் பகுதி முன்னெப்போதும் இல்லாத கனத்தைப் பெற்றது. எத்தனை பேர் மருத்துவத்துக்குத் தெரிவாயினர் என்ற ஒற்றைக் கேள்வியால் ஒரு கல்லூரியை அளக்கும் பழக்கம் இக்காலத்தில் இறுகியது என்றே கொள்ளவேண்டும். நாடகமும் சாரணியமும் அறிக்கையின் அடியில் ஒதுங்கின.

போர்க்காலத்தில் ஆண்டுச் சுற்றே குலைந்தது. மத்திய கல்லூரிக்கு அண்மையிலுள்ள யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டது. கல்லூரிக் கட்டடங்கள் பல ஏதிலிகளின் முகாம்களாகவும் சில படைநிலைகளாகவும் மாறின. 1990 இன் பின் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்டுக் கொளுத்திய சின்னஞ்சிறு விளக்கின் ஒளியில் ஒரு தலைமுறை உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்து தென்மராட்சியை அடைந்தபோது, அங்கிருந்த பாடசாலைகள் காலையில் தம் மாணவருக்கும் பிற்பகலில் வந்துசேர்ந்த கல்லூரிகளின் மாணவருக்கும் இடம் கொடுத்தன. பெரும் போரும் பரிசில் தினமும் நடவாத ஆண்டுகள் உண்டு. பரீட்சை மண்டபம் முற்றாக மூடிக்கிடந்த ஆண்டு அரிது.

இதற்கிடையே கணக்குக் கேட்பவர்கள் மீண்டும் கடல் கடந்துவிட்டனர். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் கிளைவிட்ட பழைய மாணவர் சங்கங்கள் மைதானத்தைச் செப்பனிடவும் கணினிக் கூடம் கட்டவும் வறிய மாணவரைப் படிப்பிக்கவும் பணம் அனுப்புகின்றன. நத்தாரையொட்டிய இராப்போசன விருந்துகளில் ஊரிலிருந்து வந்த அதிபர் தேவைகளை எடுத்துரைக்கிறார். 2005 இல் தொடங்கப்பட்ட எண்ணிம ஆவணகமான ‘நூலகம்’ பழைய சஞ்சிகைகளையும் பரிசில் தின அறிக்கைகளையும் பெருந்தொகையாக வருடி இணையத்தில் வைத்திருப்பதால், ஒரு நூற்றாண்டின் அறிக்கைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று இயலும். அவ்வாறு பார்ப்பவர் பெறுபேற்றுப் பக்கத்தைக் காட்டிலும் ‘தேவைகள்’ என்னும் கடைசிப் பத்தியிலேயே அவ்வக்காலத்து யாழ்ப்பாணத்தைத் தெளிவாகக் காணலாம். கூரை, தளபாடம், விஞ்ஞானகூடம், சுற்றுமதில், ஆசிரியர் வெற்றிடம் என்று கேட்கப்படுபவை மாறிக்கொண்டிருக்க, கேட்கும் பணிவான தொனி மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.