ஆழ்வார்பேட்டைச் சாரங்கள்

உயரத்தில் நின்று வேலை செய்வதற்காகக் கட்டி, வேலை முடிந்ததும் பிரித்து எடுத்துவிடும் மேடைக்குச் சாரம் என்று பெயர். பிரித்த பிறகு தடயமே மிஞ்சாததால் கட்டடங்களுக்கு இருக்கும் வரலாறு சாரங்களுக்கு இல்லை. தஞ்சாவூருக்கு அருகில் உள்ள சாரப்பள்ளம் ஒரு விதிவிலக்கு. பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குக் கல்லேற்ற அந்த ஊரிலிருந்தே சாய்தளச் சாரம் தொடங்கியது என்பது வழிவழியாக வரும் செய்தி. அது உண்மையோ ஊர்ப்பெயருக்குப் பின்னாளில் சொன்ன விளக்கமோ, கோயில் எழுந்து ஆயிரம் ஆண்டு கழிந்தும் ஒரு சாரத்தின் பெயர் பேச்சில் நிற்கிறது.

சென்னை ஆழ்வார்பேட்டையின் பழைய தோட்ட வீடுகளுக்குச் சாரம் அதிகம் தேவைப்படவில்லை. இன்று டி.டி.கே. சாலை எனப்படும் மௌபரீஸ் சாலையை ஒட்டிப் பெரிய தோட்டங்களுக்கு நடுவே நின்ற வீடுகள் ஒன்றிரண்டு தளங்களைத் தாண்டவில்லை. அவற்றின் கூரை மெட்ராஸ் டெரஸ் வகையைச் சேர்ந்தது. தேக்குச் சட்டங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். சாந்தின் பிடியிலேயே செங்கல் நின்றுவிடும். கீழே பலகை அடித்துத் தாங்க வேண்டியதில்லை. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கினார்கள். கொத்தனாருக்குத் தேக்குச் சட்டமே மேடையாக இருந்தது.

சுவர் எழுப்பவும் பூசவும் கட்டிய சாரம் ஒற்றை வரிசைச் சாரம். சுவரிலிருந்து ஓரிரு முழம் தள்ளிக் கழிகளை நட்டு, குறுக்குக் கழியின் ஒரு முனையை அவற்றில் கட்டி, மறுமுனையைச் சுவரில் விட்ட துளைக்குள் செருகுவார்கள். பாதி பாரத்தைச் சுவரே தாங்கும். சாரம் இறக்கும்போது மேலிருந்து ஒவ்வொரு துளையாக அடைத்துக்கொண்டே வருவதுதான் கடைசி வேலை. அதை அவசரத்தில் செய்த வீடுகளில் ஐப்பசி மழைக்குப் பிறகு சுவரில் வரிசையாக ஈரப்புள்ளிகள் தெரியும்.

அந்தக் கழி பெரும்பாலும் சவுக்கு. கிழக்கிந்தியாவில் மூங்கில் வகித்த இடத்தைச் சென்னைக் கரையில் சவுக்கு பிடித்துக்கொண்டது. ஆனால் அதைச் சாரத்துக்காக யாரும் நடவில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடிய பிறகு, என்ஜின்களுக்கு விறகு தேவைப்பட்டது. தென்கிழக்காசியாவையும் ஆஸ்திரேலியாவையும் தாயகமாகக் கொண்ட சவுக்கு, கடற்கரை மணலில் வேறு மரம் தயங்கும் இடத்திலும் வளர்ந்தது; வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை அதற்கு உணவாக்கித் தருவதே காரணம். 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் விறகுத் தோப்புகள் கரையோரம் பரவின. பின்னர் என்ஜின்கள் நிலக்கரிக்கு மாறின, தோப்புகள் இருந்தன. நாலைந்து ஆண்டில் வெட்டுக்கு வரும் நேரான, கெட்டியான, கிளை குறைந்த அந்தக் கழி பந்தலுக்கும் சாரத்துக்கும் வந்து சேர்ந்தது.

சவுக்குச் சாரத்தின் முழுத் திறமையையும் கோபுரத்தில் பார்க்கலாம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் ஏழுநிலை ராஜகோபுரம் 1906இல் எழுந்தது. உயரம் சுமார் 120 அடி. அதன் மேல் நெருங்கி நிற்கும் சுதை உருவங்களுக்கு நடுவே துளை போட்டுக் கழி செருக முடியாது. எனவே கோபுரத்தில் பாரம் ஏற்றாமல், இரண்டு வரிசைக் கழிகளோடு தன் காலிலேயே நிற்கும் சாரத்தை அதைச் சுற்றிக் கட்ட வேண்டும். கோபுரம் மேலே போகப் போக ஒடுங்குவதால் சாரமும் தளத்துக்குத் தளம் உள்வாங்கியாக வேண்டும். ஒரு கழியின் நீளம் போதாத இடத்தில் அடுத்ததை ஒட்டவைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். ஆணி இல்லை. பலம் முழுவதும் முடிச்சில் இருப்பதால், வெயிலிலும் மழையிலும் தளரும் கட்டுகளை அவ்வப்போது இறுக்கித் தர ஆள் வேண்டும். வெளிப்புறம் தென்னங்கீற்று வேய்ந்தால் வண்ணம் பூசுபவருக்கு நிழல் கிடைக்கும். தீப்பிடிக்கும் அபாயமும் சேர்ந்தே வரும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்னும் வழக்கம் இந்தத் தொழிலைத் தலைமுறை விட்டுத் தலைமுறைக்குக் கொண்டுவந்தது. கபாலீசுவரர் கோயிலில் 2016 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது.

கான்கிரீட் வந்தபோது கணக்கு மாறியது. மெட்ராஸ் டெரஸ் போலன்றி, ஊற்றிய கான்கிரீட் இறுகும்வரை கீழிருந்து தாங்க வேண்டும். ‘சென்ட்ரிங்’ என்ற தனி வேலையே பிறந்து, சவுக்குக் கழி முட்டாகவும் நின்றது. அண்ணா சாலையில் 177 அடி உயர எல்.ஐ.சி. கட்டடம் 1959இல் திறக்கப்பட்ட பிறகு நகரம் மேல்நோக்கிப் பார்க்கத் தொடங்கியது. ஆழ்வார்பேட்டையின் தோட்ட வீடுகள் அடுக்ககங்களுக்கு வழிவிட்டன. சினிமா, அரசியல் கட்அவுட்டுகளுக்குப் பின்னாலும் அதே சவுக்குதான் நின்றது. முகம் மட்டும் மாறியது.

இரும்புக் குழாய்ச் சாரம் லண்டனில் வளர்ந்தது. டேனியல் பால்மர் ஜோன்ஸ் உருவாக்கிய பூட்டு, கயிற்று முடிச்சின் இடத்தைப் பிடித்தது. 1913இல் பக்கிங்காம் அரண்மனை முகப்பு வேலையில் அது பெயர் பெற்றது. இந்தியாவில் பெரிதும் புழங்கும் 40 மி.மீ. குழாயின் வெளிவிட்டம் 48.3 மி.மீ. இதில் திறமை கட்டுபவரின் கையிலிருந்து பூட்டுக்கும் முறுக்கும் சாவிக்கும் இடம்பெயர்ந்தது. சென்னையில் குழாய் வாடகைக்கு வந்தபோதும் சவுக்கு ஒரேயடியாக ஒதுங்கவில்லை. அதன் விலையை ஏற்றியதில் காகித ஆலைகளின் மரக்கூழ்த் தேவைக்கும் பங்குண்டு.

சாரத்திலிருந்து விழுந்தவர்களைப் பற்றிய சட்டம் தாமதமாகவே வந்தது. தமிழ்நாட்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் இயற்றப்பட்டது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. சாரத்தின் உறுதி, பலகை, கைப்பிடி பற்றி இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1987இல் தன் பாதுகாப்பு விதித்தொகுப்பைத் திருத்தி வெளியிட்டது. கட்டட மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டம் 1996இல் வந்தது. ஆனால் அது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கானதாக இருந்தது. பத்து லட்சம் ரூபாய்க்குள் கட்டும் சொந்த வீடும் அதற்கு வெளியே இருந்தது. மூன்று மாடி அடுக்ககத்துக்கு நாலு பேர் கயிற்றில் பலகை தொங்கவிட்டு வெள்ளையடிக்கும் வேலைதான் ஆழ்வார்பேட்டைத் தெருக்களில் சாதாரணமாகக் காண்பது. அந்தச் சட்டத்தின் பத்து என்ற எண்ணுக்குள் அந்த நாலு பேர் வரவில்லை.

விறகுக்கு வந்த சவுக்கு சாரமானது போலவே, மண் அள்ள வந்த இயந்திரமும் மேடையானது. முன்னால் வாளியும் பின்னால் தோண்டும் கையும் பொருத்திய டிராக்டர் வகை இயந்திரம் 1979இல் இந்தியாவில் தயாராகத் தொடங்கியது. இன்று எந்த நிறுவனம் செய்தாலும் தமிழில் அதற்கு ஜேசிபி என்றே பெயர். சிலைக்கு மாலை போட, தலைவர் மேல் பூக்கொட்ட, தெருவிளக்கு மாற்ற, மரக்கிளை வெட்ட என்று ஆளை வாளியில் ஏற்றித் தூக்குவது எங்கும் நடக்கிறது. ஏணியைவிட வேகம், சாரத்தைவிட மலிவு.

ஆபத்து இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வாளி மண்ணைக் கொட்டுவதற்காகச் சாயும்படி செய்யப்பட்டது. கை நேராக மேலே போவதில்லை, வளைந்து போகிறது. ஆள் நிற்கும் இடம் சுவரை நோக்கியோ சுவரை விட்டோ நகரும். எண்ணெய்க் குழாய் வெடித்தால் கை சரிந்துவிடும். ஆளைத் தூக்கும் இயந்திரங்களில் அதைத் தடுக்கும் பூட்டு வால்வு இருக்கும், மண்வாரியில் அது இருக்குமென்று நம்ப முடியாது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி, தயாரிப்பாளர் அதற்கெனவே வடிவமைத்திருந்தாலொழிய முன்வாளி இயந்திரத்தின் மேல் வேலை மேடை கூடாது என்கிறது. எந்தச் சாரமும் அதில் ஏறும் பாரத்தைப் போல நான்கு மடங்கு தாங்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி.

ஆளை ஏற்றுவதற்கென்றே பிறந்த இயந்திரமும் தோட்டத்திலிருந்துதான் வந்தது. 1940களில் கலிஃபோர்னியாவில் செர்ரி பறிக்க ஜே ஐட்டல் செய்த கூண்டுக் கை அது. மண்வாரிக்குப் பட்டறையில் மேடை செய்பவர்களும் இப்போது அந்தக் கூண்டையே மாதிரியாகக் கொள்கிறார்கள்: நான்கு பக்கமும் இடுப்புக்கு மேல் கைப்பிடிக் குழாய், நடுவில் இன்னொரு குழாய், கருவி உருண்டு கீழே விழாமல் அடியில் தடுப்புப் பட்டை, வழுக்காத தரை, கூண்டுக்கும் தூக்கும் கைக்கும் இடையே விரல் நுழையாத வலை. வாளியின் விளிம்பில் சங்கிலி மட்டும் சுற்றி நிறுத்திய கூண்டு நழுவும் என்பதால் போல்ட் போட்டு, ஊசியால் பூட்ட வேண்டும். ஏறியவர் இடுப்புப் பட்டையோடு நிற்காமல் உடல் முழுதும் பிடிக்கும் வாரணிந்து கூண்டில் கொக்கி மாட்ட வேண்டும். ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கக்கூடாது. மேலே ஆள் இருக்கும்போது வண்டி ஓர் அடிகூட நகரக்கூடாது.