நாயும் பூனையும்: ஒரு வரலாற்று நோக்கு

மனையில் வளர்த்தற்குரியது நாயா, பூனையா என்னும் வினாவிற்கு விடை தேடுவார் வரலாற்றையும் சற்றே நோக்குதல் நன்று.

சிந்து நாட்டுச் சான்குதாரோவில் 1935-36ஆம் ஆண்டுகளில் எர்னஸ்ட் மக்கே நடத்திய அகழாய்வில் ஒரு செங்கல் கிடைத்தது. அதன் ஈரம் புலராத மண்ணில் பூனையின் அடிச்சுவடும், அதனோடு ஒட்டி நாயின் சுவடும் பதிந்திருந்தன. பூனையை நாய் துரத்தியதாக அறிஞர் கருதினர். நாலாயிரம் ஆண்டுகட்கு முன்னரே இவ்விரண்டும் ஊரில் மனிதரை அடுத்து வாழ்ந்தமைக்கு அது சான்று.

எனினும் இரண்டும் வந்த வழி வேறு. உழவு தோன்றுமுன்னரே நாய் வேட்டுவனுக்குத் துணையாயிற்று. களஞ்சியத்து எலியை நாடி வந்த பூனையோ, தானே நம் மனையைத் தேர்ந்துகொண்டது. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைக்குக் குருளை என்றும், வெருகின் இளமைக்குக் குட்டி என்றும் பெயர் வகுத்து இரண்டனையும் ஒப்ப மதித்தது.

கதைகளோ நடுவுநிலை பிறழ்ந்தன. பாரதத்தில் தருமன் நாயைப் பிரிந்து விண்ணுலகு புக மறுத்தான். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்திலோ, எலிகள் சூழப் பூனை பொய்த்தவம் புரிகின்றது. நம் நெல்லைக் காத்ததும் அப்பொய்த்தவசியின் இனமே. பயனைக் கொண்ட நாம் பழியையும் அதன்மேல் ஏற்றினோம்.

ஆதலின் எது உயர்ந்தது என்பதன்று வினா. நாய் நம் பொழுதை வேண்டுவது. பூனை தன் உரிமையை வேண்டுவது. பெருநகர அடுக்கு வீடுகளில் பகலெல்லாம் கதவைப் பூட்டிச் செல்லும் நாம், எதற்கு நன்றியுடையராய் நடந்துகொள்ள இயலும் என்பதையே முதற்கண் ஆராய்தல் வேண்டும்.