டிரோலின் மூன்று நியாயஸ்தலங்கள்

ஆல்ப்ஸ் மலைகளினூடே நெடுந்தூரம் கிழக்கு நோக்கி ஓடிவந்த இன் நதி, டிரோல் நாட்டை நீங்கிப் பவேரியச் சமவெளியில் இறங்குவதற்குச் சற்று முன்னதாக ராட்டன்பெர்க், கூஃப்ஸ்டைன் என்னும் இரு கோட்டை நகரங்களைக் கடந்து செல்கிறது. கூஃப்ஸ்டைனுக்குத் தென்கிழக்கே, மலைகளுக்கு நடுவில், 1271-ஆம் ஆண்டில் பவேரியக் கோமகனிடம் நகர உரிமை பெற்ற கிட்ஸ்பூயல் இருக்கிறது. இம்மூன்றையும் தலைமையிடங்களாகக் கொண்ட நியாயாதிக்கப் பிரதேசங்களைச் சரித்திரக்காரர்கள் சேர்த்தே பேசுவது வழக்கம். ஏனெனில், ஓர் அரசகுலத்திடமிருந்து இன்னொன்றுக்கு அவை கைமாறிய போதெல்லாம் மூன்றும் ஒன்றாகவே கைமாறின.

அக்காலத்து மலைநாட்டுக் குடியானவனுக்கு ராஜாங்கம் என்பது எங்கோ தூரத்தில் இருந்த ஒரு பெயர். அவன் கண்ணால் கண்ட அதிகாரம் நியாயாதிபதியே. கொலை, கொள்ளை முதலிய மரணதண்டனைக்குரிய குற்றங்களை விசாரிப்பதும், அரசனுடைய கட்டளைகளைக் கிராமந்தோறும் நிறைவேற்றுவதும் அவன் பொறுப்பு. ஆகவே நியாயஸ்தலத்தின் எல்லை எந்த ஓடையில் முடிகிறது, எந்த மலைமுகட்டோடு நிற்கிறது என்பதை அறிவது அக்குடியானவனுக்கு ஜீவாதாரமான விஷயமாக இருந்தது.

1342-இல் டிரோலின் கோமாட்டி மார்கரேத்தை மணந்த பவேரிய இளவரசன் லூட்விக், மணநாளின் மறுநாட் காலையில் கணவன் மனைவிக்கு வழங்கும் ஸ்திரீதனமாக இம்மூன்று பிரதேசங்களையும் அளித்தான். கணவனும் மகனும் இறந்தபின் 1363-இல் மார்கரேத் தன் நாட்டை ஹாப்ஸ்பர்க் வம்சத்தாரிடம் ஒப்படைக்க, பவேரியக் கோமக்கள் அதை ஏற்க மறுத்துப் போரிட்டனர். 1369-இல் ஷேர்டிங் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அவர்கள் டிரோல் மீது கொண்டாடிய உரிமையைக் கைவிட்டு, அதற்கு ஈடாகப் பெருந்தொகையோடு இந்த மூன்று பிரதேசங்களையும் மீட்டுக்கொண்டனர்.

ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த இந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஒரு மரணசாஸனம். லாண்ட்ஸ்ஹூட்டின் கோமகன் கேயோர்க், ஆண் வாரிசின்றி 1503-இல் இறக்கும்போது, குலத்தின் உடன்படிக்கைக்கு மாறாகத் தன் நாட்டை மகளுக்கும் மருமகனுக்கும் எழுதிவைத்ததால் போர் மூண்டது. அக்குலத்தின் மியூனிக் கிளையினருக்குத் துணைநின்ற ஹாப்ஸ்பர்க் அரசன் மாக்ஸிமிலியன், அந்த உதவிக்கு விலையாக இம்மூன்று பிரதேசங்களையும் கேட்டான். கூஃப்ஸ்டைன் கோட்டைத்தலைவன் ஹான்ஸ் ஃபான் பின்ட்ஸெனாவ் எதிர்க்கட்சியுடன் சேர்ந்து வாயிலை அடைத்துக்கொண்டான். முதலில் விழுந்த குண்டுகளின் வடுக்களை அவன் துடைப்பத்தால் பெருக்கச் சொல்லிப் பரிகசித்தான் என்று அவ்வூரார் இன்றும் சொல்லும் கதை உண்டு. மாக்ஸிமிலியனின் பெரும் பீரங்கிகள் வந்திறங்கியதும் மதில் தகர்ந்தது. 1504 அக்டோபரில் அவன் தலை வெட்டப்பட்டது. மறுவருஷம் கோலோன் நகரில் வழங்கப்பட்ட தீர்ப்பின்படி மூன்று நியாயஸ்தலங்களும் டிரோலுடன் இணைந்தன.

இங்கேதான் என் மனத்தை மிகவும் ஈர்க்கும் செய்தி தொடங்குகிறது. நாடு மாறிற்று; சட்டம் மாறவில்லை. டிரோலின் ஏனைய பகுதிகளுக்கு 1526, 1532, 1573 ஆகிய ஆண்டுகளில் நாட்டுச் சட்டங்கள் இயற்றப்பட்டபோதும், இம்மூன்று இடங்களில் மட்டும் சக்கரவர்த்தி லூட்விக் 1346-இல் பவேரியாவுக்கு அளித்த பழைய சட்டநூலே பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் வழங்கிவந்தது. வாளால் பெற்ற நிலத்தில் மக்களின் வழக்கத்தை அழிக்காமல் விட்டதை அக்கால ஆட்சியின் பலவீனமென்று சிலர் கருதலாம். நான் அதனை விவேகமென்றே கொள்கிறேன். நிலத்தைப் பாகம் பிரிப்பதும் கடனை வசூலிப்பதும் தலைமுறை தலைமுறையாக எந்த முறையில் நடந்தனவோ, அந்த முறையில் நடக்கும் வரையில் குடியானவன் புதிய அரசனை அந்நியனென்று எண்ணுவதற்கு அதிகக் காரணம் இருக்கவில்லை.

எல்லைகள் நிலத்தின் மீது மட்டுமே வரையப்பட்டவை அல்ல. 1540-இல் கிட்ஸ்பூயலுக்கருகே ரோரர்பூயல் என்னுமிடத்தில் வெள்ளியும் செம்பும் கண்டுபிடிக்கப்பட்டு, 886 மீட்டர் ஆழம் வரையில் தோண்டப்பட்ட சுரங்கம் அந்நாளில் உலகிலேயே ஆழமானதென்று பெயர் பெற்றது. அங்கு உழைத்தவர்களுக்குச் சுரங்க நியாயாதிபதி என்று தனி அதிகாரி இருந்தபடியால், பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்த சுரங்கத் தொழிலாளியும் உழவனும் தங்கள் வழக்குகளை வெவ்வேறு வாசல்களுக்குக் கொண்டுசென்றார்கள். மேலும், கிட்ஸ்பூயலுக்கும் இன் நதிக்கும் இடையிலுள்ள பிரிக்ஸன் பள்ளத்தாக்கு ஸால்ஸ்பர்க் ஆர்ச்பிஷப்பின் ஆட்சியில் இருந்ததால், நேர்வழியே நதிக்கு இறங்கிச் செல்பவன் இடையில் வேறொரு ராஜ்யத்தைக் கடக்கவேண்டியிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கு 1816-இல்தான் டிரோலுடன் சேர்ந்தது.

அதற்கு முன்பே, 1805-இன் பிரெஸ்பர்க் சமாதானத்தால் டிரோல் முழுவதும் பவேரியாவின் வசமாகி, 1814-இல் ஆஸ்திரியாவுக்குத் திரும்பியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நீதியும் நிர்வாகமும் பிரிக்கப்பட்டபின், நிர்வாகத்தில் ராட்டன்பெர்க் கூஃப்ஸ்டைன் மாவட்டத்தில் அடங்கிற்று. ஆனால் ஆஸ்திரியாவின் மிகச் சிறிய நகரமென்று சொல்லப்படும் அந்த ஊரில் நீதிமன்றம் தனியாகவே நடக்கிறது. இன் நதியின் உபநதியான ட்ஸில்லருக்குக் கிழக்கே உள்ள டிரோல் தேவாலயங்களும் இன்றுவரை ஸால்ஸ்பர்க் ஆர்ச்பிஷப்புக்கே உட்பட்டவை.