ஒற்றை அலையின் கனம்

மென்பொருள் சிந்தசைசரில் கனத்த பேஸ் ஒலி வேண்டுவோர், சுருதியில் நூலிழை விலகிய இரண்டு மூன்று அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது வழக்கம். வரலாறு வேறொரு வழியையும் காட்டுகிறது.

பேஸ் கித்தாருக்கு மாற்றாக ரோலண்ட் நிறுவனம் 1981இல் வெளியிட்ட டிபி-303 கருவியில் ஒரே ஓர் அலையாக்கிதான். அதன் கனம் வடிப்பானிலும், அழுத்தத்திலும், சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் நகர்விலும் பிறந்தது. அந்த வழுக்கலில் ராகத்தின் இழைவைக் கேட்டவர், இந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங். பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து 1982இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டு அன்று கவனம் பெறவில்லை. அதே கருவியால் சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987இல் வெளியிட்ட இசையே ‘ஆசிட் ஹவுஸ்’ வகையின் தொடக்கமாக எழுதப்பட்டது.

2010இல் சிங்கின் தட்டு மறுபதிப்புக் கண்டதும், அவரே அவ்வகையின் தந்தை என்ற முழக்கம் எழுந்தது. சிகாகோ மும்பையிடம் கற்றதற்குச் சான்றில்லை. இவை இரு தனித் தொடக்கங்கள். பட்டம் சூட்டும் அவசரத்தில், ராகத்துக்காக அவர் அக்கருவியை வளைத்த நுட்பம் ஆராயப்படாமற்போகிறது.

1997இல் ரீபர்த் மென்பொருள் டிபி-303ஐக் கணினிக்குள் கொணர்ந்தது. இன்று போவன்பள்ளியில் மடிக்கணினியோடு அமரும் மாணவருக்கும் அந்த ஒற்றை அலை எட்டும் தொலைவில் உள்ளது. அடுக்குவதற்கு முன் அதை வழுக்கவிட்டுக் கேட்பது நன்று.