கண்டி ஏற்றமும் கியர்ப் பெட்டியும்

கண்டி வீதியின் வரலாற்றைக் கூறுவோர் அதை அமைப்பித்தவர்களைப் பற்றியே பெரிதும் பேசுவர். அவ்வீதியில் ஏறித் தேய்ந்த இயந்திரங்களையும், அவற்றைச் செப்பனிட்ட கைகளையும் பற்றி இன்று சிறிது நோக்குவோம்.

1815-இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. மலையரணை ஆள வீதி வேண்டுமென உணர்ந்த தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ், கொழும்பிலிருந்து வழி சமைக்கும் பணியைக் கப்டன் டோசனிடம் ஒப்படைத்தார். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வீதி சென்றது. 1829-இல் மறைந்த டோசனுக்கு அங்கே கோபுரம் நிற்கிறது. இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தில் மண் சுமந்தோருக்குக் கோபுரம் ஏதுமில்லை. 1867-இல் கண்டியை அடைந்த புகையிரதமும் அச்சரிவில் 45 அடிக்கு ஓரடி வீதம் உயர வேண்டியதாயிற்று.

பின்னர் மோட்டார் வண்டி வந்தது. ஏற்றத்துக்கேற்பக் கியர் மாற்றுவது அன்று சாரதியின் கைத்திறன். அத்திறனை இயந்திரத்திடமே ஒப்படைத்தது ஒட்டோமற்றிக் பெட்டி. திரவத்தின் சுழற்சியால் விசையைக் கடத்தும் கருவிக்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மானியராகிய ஹெர்மன் ஃபெட்டிங்கர். அவர் எண்ணியதோ கப்பல்களை! அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களிலும், 1950-களின் நடுவில் பிக்கப் வண்டிகளிலும் ஒட்டோமற்றிக் பெட்டி இடம்பெற்றது.

இலங்கையிலோ 1960-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி முடைப்பட்டு, கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரை உள்ள வண்டியைச் செப்பனிட்டு ஓட்டுவதே வழி. பிறகு யப்பானிலிருந்து வந்த பாவித்த வண்டிகளோடு ஒட்டோமற்றிக் பெட்டியும் பரவியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே கதவு திறந்தது. பழைய பெட்டியைப் பிரித்துக் கட்டத் தெரிந்தவரின் அருமை இத்தகைய காலங்களில்தான் விளங்கும்.

மலையேற்றம் இப்பெட்டிக்குப் பகை. சுமையோடு மெல்ல ஏறுகையில் எண்ணெய் சூடேறும். சூடு மிகுந்தால் றப்பர் வளையங்கள் இறுகும், கிளச் தகடுகளின் மேற்பூச்சு கருகும். அடித்தட்டைக் கழற்றியதுமே நோய் தெரியும். எண்ணெய் சிவப்பாயிருந்தால் நலம். கபில நிறமும் கருகிய நாற்றமும் இருந்தால் பெட்டியை முழுவதும் பிரிக்கத்தான் வேண்டும்.

உறுப்புகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே தூய மேசையில் வரிசையாய் வைக்க வேண்டும். ஒரு மணல் துகள் போதும், வால்வு சிக்கிக்கொள்ளும். வால்வுப் பகுதிக்குள் மிளகளவான குண்டுகள் சில உண்டு. ஒன்று இடம் மாறினும் கியர் காலந்தவறி விழும், அல்லது விழவே விழாது. புதிய தகடுகளை எண்ணெயில் ஊறவைத்தே பொருத்துவர். மூடுமுன் துவாரங்களில் அழுத்தக் காற்றைச் செலுத்தினால், ஒவ்வொரு கிளச்சும் பிடிக்கும் ஓசை கேட்கும். அந்த ஓசை கேளாவிடின் மறுபடியும் பிரிப்பதே நேர்மை. இறுதியில் டோர்க் கன்வேட்டர் பம்பினுள் முழுதாய் அமர்ந்ததா என்று பார்க்காமல் போல்ட்டை இறுக்கினால், பம்பு உடைந்து பலநாள் உழைப்பு பாழாகும்.

பெரும்பாலான பெட்டிகளில் எண்ணெயின் அளவை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், சமதரையில் நிறுத்தியே பார்க்க வேண்டும். கண்டியில் சமதரை தேடுவதும் ஒரு வேலைதான்! அதன்பின் கடுகண்ணாவைக்கு அப்பால் இறங்கித் திரும்பினால் வேலையின் தரம் தெரிந்துவிடும். இறங்குகையில் தாழ்ந்த கியர் வண்டியைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். டோசன் வெட்டிய ஏற்றத்தில் திரும்பி ஏறுகையில், இயந்திரம் வீணே இரையாமல் கியர் மாற வேண்டும்.