சாயவேரின் கணக்கு

யாழ்ப்பாணத்தின் பழைய சாயத்தொழிலைப் பற்றிப் பேசுவோர் பலர், அது மண்ணையும் நீரையும் கெடுக்கவில்லை, ஆகவே இன்றைய ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அதுவே பசுமை வழிகாட்டி என்கிறார்கள். முதற்கூற்றை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். இரண்டாவதை ஏற்குமுன், அந்தத் தொழில் தந்த சிவப்புச் சாயம் யார் கையால் வந்தது என்று பார்க்கவேண்டும். இம்பூறல் என்றும் சாயவேர் என்றும் வழங்கும் செடி கடலோர மணலில் தானாக முளைப்பது. சாண் உயரம், சின்ன வெள்ளைப் பூ. தெரியாதவர் களை என்று மிதித்துப் போவார். சாயம் இருப்பது நூல்போல் மெலிந்து மணலுக்குள் இறங்கும் வேரின் பட்டையில்தான். வேர் அறாமல் வெளியே வர மணலைப் பொறுமையாகக் கிளறவேண்டும். உலர்த்தி இடித்த அந்தத் தூளோடு, கடுக்காயும் படிகாரமும் ஊட்டிய பருத்தித் துணியைக் காய்ச்சினால் எளிதில் வெளுக்காத சிவப்பு ஏறும். இளவேரில் சாயம் குறைவு. செடி முற்றும்வரை பொறுத்தவருக்கே நல்ல வேர் கிடைத்தது.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இந்த வேரைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1697இல் யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தக் கொம்மாந்தர் சுவார்டெக்ரூன், தாம் இல்லாத காலத்தில் பொறுப்பிலிருப்போருக்கு எழுதிவைத்த நீண்ட குறிப்பில் யானை, பனைமரம் ஆகியவற்றோடு சாயவேரும் கம்பனியின் வருவாய்ப் பொருளாக இடம்பெறுகிறது. தோண்டும் கடமையோ ஒரு குலத்தார்மேல் பிறப்போடு சுமத்தப்பட்டது. தோண்டியதைக் கம்பனிக்கே கொடுக்கவேண்டும், விலையையும் கம்பனியே வைக்கும். வேர் மலிவாகக் கிடைத்ததற்கும் கம்பனி இலாபம் கண்டதற்கும் இந்தக் கட்டாயம் ஒரு முதன்மையான காரணம். இயற்கைச் சாயம் என்ற பெயர் இதை மறைத்துவிடக் கூடாது.

பதினேழாம் நூற்றாண்டை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமா என்று கேட்கலாம். அந்தக் காலத்தாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. அந்தத் தொழிலை இன்று முன்மாதிரியாகக் காட்டுவோரிடம்தான் என் வழக்கு. செயற்கைச் சாயம் அதைவிடக் கேடானதல்லவா என்ற மறுப்புக்கு வலு அதிகம். 1868இல் கிரேபேயும் லீபர்மனும் சாயவேரின் செந்நிறப் பொருளான அலிசாரினை ஆய்வுகூடத்தில் உருவாக்கினார்கள். நாளடைவில் வேருக்கு இருந்த சந்தை சரிந்தது. இலங்கையில் இராசகாரியம் என்ற கட்டாய அரச ஊழியம் அதற்கு முன்பே, 1832இல் ஒழிக்கப்பட்டிருந்தது. ஆக, மனிதரின் கட்டு அவிழ்ந்தது சாயம் மாறியதால் அல்ல, சட்டம் மாறியதால். இரசாயனச் சாயத்தின் சுமையோ நீரின்மேல் விழுந்தது. தமிழ்நாட்டின் நொய்யலாறு கெட்டு, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் நிலை வந்ததை நாம் கண்டோம்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த ஒப்பீடு இன்னும் அவசரமானது. இங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். மேலே ஊற்றியது அதிகம் வடிகட்டப்படாமலே கீழே சேரும். ஆகவே குடாநாட்டுக்கு வரும் எந்த ஆடைக் கம்பனியிடமும் மின்சாரச் சேமிப்புச் சான்றிதழைமட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. சாயநீர் எங்கே போகிறது, பஞ்சு முதல் பொத்தான்வரை எந்தக் கை எந்தக் கூலிக்கு உழைத்தது என்ற இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிக் காட்டச் சொல்லவேண்டும்.